கராம்பும் விறைப்பு ஊசியும்: இரு மூலக்கூறுகள் பற்றிய ஒரு விசாரணை

1. கேள்வி

உக்குவளையை வெளியூரார் நீர்மின் நிலையத்தின் பெயரால்தான் அறிவர். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, 1976 முதல் இங்கே மின்சாரமாகிச் சுது கங்கையில் கலக்கிறது. ஊராரின் கைச்செலவுக்கு வழி செய்வது வேறு: வீட்டைச் சுற்றிக் கலந்து வளரும் மிளகு, சாதிக்காய், கொக்கோ, கராம்பு. இலங்கையின் கராம்பில் பெரும்பகுதி கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் விளைவது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் அமைந்திருப்பதும் தற்செயல் அல்ல.

இந்தப் பகுதியில் பல்வலி கண்டவர் முதலில் ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறார். வலி விடாவிட்டால் பல் வைத்தியரிடம் போய் விறைப்பு ஊசி போட்டுக்கொள்கிறார். இரண்டிலும் ஈறு விறைக்கிறது. இந்த இரண்டு விறைப்பும் ஒரே வகையானவையா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவது ஒன்று: ஊசியில் இருப்பதெல்லாம் கராம்பிலும் இருக்கிறது, அதுவும் இயற்கையாக. படித்தவர்களிடையே கேட்பது மற்றொன்று: கராம்பு எரிச்சலை மூட்டி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது, அவ்வளவுதான், மருந்தென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இரண்டுமே ஆதாரங்களோடு பொருந்தவில்லை என்பது என் முடிவு. நரம்பை எட்டிய பிறகு இரு பொருள்களும் செய்யும் வேலை பெருமளவு ஒன்றே. வேறுபடுவது அங்கே போய்ச் சேரும் வழி. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, ஊசி மருந்தான லிக்னோகெயினில் உள்ளதும் கராம்பின் யூஜினோலில் இல்லாததுமான ஒரு நைதரசன் அணுவில் அடங்குகிறது.

2. எண்ணெயின் இயல்பு

கராம்பு என்பது விரியாத பூமொட்டு. மொட்டு பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும் தருணத்தில் பறிக்க வேண்டும்; விரிந்துவிட்டால் தரம் போய்விடும். பறித்து, காம்பு நீக்கி, வெயிலில் நாலைந்து நாள் காயவைத்தால் ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மொட்டு ஒரு கிலோவாகக் குறையும். நல்ல கராம்பா என்று பார்க்க வியாபாரி தலைப்பகுதிக்குக் கீழே நகத்தால் அழுத்துகிறார். எண்ணெய் கசிந்தால் சரக்கு நல்லது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. எண்ணெய் நிறைந்த கராம்பு அமிழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்தெடுத்த சக்கை படுத்து மிதக்கும். இது அடர்த்திச் சோதனையே.

உலர்ந்த மொட்டின் எடையில் 15 முதல் 20 வீதம் வரை ஆவியெண்ணெய். அதில் 70 முதல் 90 வீதம் யூஜினோல்; மிச்சத்தில் முக்கியமானவை யூஜினைல் அசற்றேற்றும் கரியோபிலீனும். யூஜினோல் மூலக்கூறில் 10 காபன், 12 ஐதரசன், 2 ஒட்சிசன் அணுக்கள். மூலக்கூற்றுத் திணிவு 164. பென்சீன் வளையமொன்றில் மூன்று கிளைகள்: ஓர் ஐதரொட்சில், அதற்கு அடுத்து ஒரு மெதொட்சி, எதிரே மூன்று காபன் நீளமுள்ள அல்லைல் வால். அறை வெப்பநிலையில் வெளிர்மஞ்சள் திரவம். காற்றுப் பட்டால் பழுப்பேறும். கொதிநிலை 254 பாகை செல்சியஸ். அவ்வளவு சூட்டில் காய்ச்சினால் எண்ணெய் கெடும். கொதிநீராவியைச் செலுத்தினால் இரண்டின் ஆவியமுக்கமும் கூடி, 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து வடிந்துவிடும்.

பெரும்பாலான ஆவியெண்ணெய்கள் தண்ணீரின் மேல் மிதக்கும். யூஜினோலின் அடர்த்தி 1.07 அளவில் இருப்பதால் கராம்பெண்ணெய் அடியில் தங்குகிறது. வடிப்பவர் அடிக்குழாயைத் திறந்தே எடுக்கிறார். மேலே நிற்கும் நீர் பால்போலக் கலங்கியிருக்கும். அதிலும் கொஞ்சம் யூஜினோல் உண்டு, லீற்றருக்கு இரண்டரை கிராம் வரை கரையும் என்பதால் அந்த நீரை வீணாக்காமல் மீண்டும் கொதிகலனில் விடுவார்கள். இரும்புக் கலனில் வடித்தால் எண்ணெய் கறுத்துப்போகும். யூஜினோல் ஒரு பீனோல். பீனோல்கள் இரும்பு அயனைப் பற்றி நிறச்சேர்வை உண்டாக்கும். உலோகத்தைப் பற்றும் இந்தக் குணம் பின்னால் பல் வைத்தியத்தில் பெரிதும் உதவப்போகிறது.

யூஜினோலுக்குக் கராம்பு மட்டுமே மூலம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கை உலகச் சந்தைக்கு அனுப்பும் கறுவா இலை எண்ணெயிலும் பெரும்பங்கு அதுவே. கறுவாப்பட்டையின் எண்ணெய் வேறு. அதில் ஆள்வது சினமல்டிகைட்டு. பல்வலிக்குக் 'கறுவா எண்ணெய்' என்று வாங்குபவர் இலை எண்ணெயா பட்டை எண்ணெயா என்று கேட்டு வாங்குவது நல்லது. பட்டை எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும்.

3. ஊசியில் இருப்பது

லிக்னோகெயினின் வரலாறும் நாக்கிலிருந்தே தொடங்குகிறது. 1930களில் சுவீடனில் ஹன்ஸ் வொன் ஒய்லரின் ஆய்வுகூடம் பார்லிச் செடியை ஆராய்ந்து கிரமைன் என்ற பொருளைப் பிரித்தது. அதன் அமைப்பை உறுதிப்படுத்த முயன்ற ஹோல்கர் எர்ட்மன், தவறுதலாக அதன் சமபகுதியம் ஒன்றைச் செய்து, அதைச் சுவைத்துப் பார்த்தார், உதடு விறைத்தது. அக்கால இரசாயனவியலாளர் எதையும் சுவைத்துப் பார்ப்பர். கொக்கெயினைப் பிரித்த அல்பேட் நீமன் 1860இல் அதன் விறைப்பைக் கண்டதும் இதே கருவியால்தான். எர்ட்மனின் மாணவர் நில்ஸ் லொஃப்கிரேன் அந்தத் தடயத்தைப் பிடித்துப் பல சேர்வைகளைத் தொகுத்து 1943இல் லிக்னோகெயினை அடைந்தார். பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். 1948 முதல் அஸ்ட்ரா நிறுவனம் சைலோகெயின் என்ற பெயரில் விற்றது.

மூலக்கூறைப் பார்த்தால் இதிலும் ஒரு பென்சீன் வளையம் உண்டு. ஆனால் வாலில் ஒரு மூன்றாம்படி அமைன், அதாவது புரோத்தனை ஏற்கவல்ல நைதரசன். இடையே இருக்கும் ஏமைட்டுப் பாலத்திலும் ஒரு நைதரசன் உண்டு. அது புரோத்தன் விவகாரத்தில் பங்கு கொள்வதில்லை. திணிவு 234. தூய மூலமாக, அதாவது புரோத்தன் ஏற்காத வடிவில், எடுத்தால் 68 பாகையில் உருகும் வெண்பளிங்கு. தண்ணீரில் அரிதாகவே கரையும். அதனோடு ஐதரோகுளோரிக் அமிலம் சேர்ந்ததும் நைதரசன் புரோத்தனை ஏற்று நேரேற்றம் பெறுகிறது. கிடைக்கும் ஐதரோகுளோரைட்டு உப்பு தண்ணீரில் தாராளமாகக் கரைகிறது. பல் வைத்தியர் கையிலிருக்கும் கண்ணாடிக் குழலில் உள்ளது இந்த உப்பின் 2 வீதக் கரைசல், பெரும்பாலும் சிறிதளவு அதிரினலீனோடு.

இனி முக்கியமான ஒப்பீடு. ஒரு பொருள் நீரைவிடக் கொழுப்பை எத்தனை மடங்கு நாடுகிறது என்பதை ஒக்ரனோல்–நீர்ப் பங்கீட்டால் அளப்பர். அதன் மடக்கை யூஜினோலுக்கு 2.3 முதல் 2.5 வரை, லிக்னோகெயின் மூலத்துக்கு 2.4. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். கொழுப்பாலான நரம்பு மென்சவ்வுக்குள் நுழையும் ஆற்றலில் கராம்பு ஊசிக்குச் சளைத்ததல்ல.

பிரிவது அமிலத்தன்மையில். லிக்னோகெயினின் பி.கே.ஏ., அதாவது பாதி புரோத்தனோடும் பாதி புரோத்தனின்றியும் இருக்கும் பி.எச்., 7.9. உடலின் பி.எச். 7.4இல் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 வீதம் ஏற்றமற்ற மூலமாகவும் மீதி ஏற்றம்பெற்ற அயனாகவும் இருக்கும். அயன் நீரில் மிதந்து நரம்பின் அருகே வரும். மூலவடிவம் மென்சவ்வைக் கடக்கும். உள்ளே போனதும் மறுபடி புரோத்தன் ஏற்று அயனாகி, நரம்பில் வலிச் சமிக்ஞையைக் கடத்தும் சோடியம் கால்வாயை உட்புறத்திலிருந்து அடைக்கும். யூஜினோலின் பி.கே.ஏ. 10.2. உடலில் அதன் 99.8 வீதத்துக்கு மேல் ஏற்றமற்றே இருக்கும். வடிவம் மாற்றும் வித்தை அதற்குத் தெரியாது.

4. ஏற்றம் இல்லாமல் விறைக்குமா

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அயன்தான் கால்வாயை அடைக்கிறது என்றால், அயனாக முடியாத யூஜினோல் எப்படி விறைக்கச் செய்யும்? அது எரிச்சலூட்டி மட்டுமே என்பவர்களுக்கு இந்த வாதம் வலுச் சேர்க்கும்.

ஆதாரங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. லிக்னோகெயினைச் சற்று மாற்றி நிரந்தர ஏற்றம் கொடுத்த கியூ.எக்ஸ்.–314 என்ற சேர்வையை வைத்து 1970களில் நடந்த சோதனைகளில், அது நரம்புக்கு வெளியே விட்டால் பயனற்றதாகவும் உள்ளே செலுத்தினால் அடைப்பதாகவும் இருந்தது. அயன் வேலை செய்யும் இடம் உட்புறம் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. ஆனால் பென்சோகெயின் என்றொரு பழைய விறைப்பு மருந்து இருக்கிறது. அதன் பி.கே.ஏ. 3க்கும் கீழே, உடலில் அது ஏறக்குறைய முழுதும் ஏற்றமற்றது. இருந்தும் தொண்டை வில்லைகளிலும் ஈறுக் களிம்புகளிலும் நன்றாக விறைக்கச் செய்கிறது. 1977இல் பேர்ட்டில் ஹில் இதற்கு விளக்கம் தந்தார்: கால்வாயில் உள்ள இருப்பிடத்துக்கு இரு பாதைகள், அயன்கள் உட்புற நீர்வழியே வருகின்றன, ஏற்றமற்றவை மென்சவ்வின் கொழுப்பினூடே பக்கவாட்டில் வந்து சேர்கின்றன. யூஜினோலை லிக்னோகெயினோடு நிறுத்தி ஒப்பிடுவதைவிடப் பென்சோகெயினின் பக்கத்தில் நிறுத்துவதே பொருத்தம்.

நேரடிச் சான்றும் உண்டு. 2006இல் தென்கொரிய ஆய்வாளர்கள் எலியின் பற்களுக்குச் செல்லும் நரம்புக் கலங்களில் யூஜினோல் சோடியம் மின்னோட்டத்தை அடக்குவதை அளந்தனர். அவ்விளைவு மிளகாய் உணரி எனப்படும் டி.ஆர்.பி.வி.1 புரதத்தைச் சார்ந்ததல்ல என்றும் காட்டினர். இந்த இரண்டாவது முடிவே நம் கேள்விக்கு முக்கியம். யூஜினோலின் வளையமும் அதில் உள்ள ஐதரொட்சில், மெதொட்சிக் கிளைகளும் மிளகாயின் கப்சேசினில் இருப்பவையே. அதனால் யூஜினோல் மிளகாய் உணரியையும் தூண்டுகிறது. கராம்பைக் கடித்ததும் முதலில் சுரீரென்று எரிவது அதனால். எரிச்சல் முந்துகிறது, விறைப்பு பிந்துகிறது. 'எரிச்சலூட்டி' வாதத்தினர் முதல் பாதியைக் கண்டுவிட்டு இரண்டாவது பாதியைக் காணாமல் விட்டனர். சொல்லப்போனால் லிக்னோகெயினும் செறிவு கூடினால் அதே உணரியைத் தூண்டுகிறது; ஊசி ஏறும்போது எரிவதில் அதற்கும் பங்கிருக்கலாம்.

மனிதரில் செய்த சோதனைகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது குவைத் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்டது. 73 தொண்டர்களின் மேல் கோரைப்பல்லருகே கன்னப்பக்கச் சவ்வில் பொடித்த கராம்பைக் கிளிசரினில் குழைத்த களிம்பு, 20 வீதப் பென்சோகெயின் களிம்பு, மருந்தற்ற போலிக் களிம்புகள் ஆகியவற்றைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து ஊசியால் குத்தி வலியைக் கேட்டார்கள். கராம்பும் பென்சோகெயினும் போலியைவிட வலியைக் குறைத்தன; அவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. கராம்பின் வாசனையையும் காரத்தையும் முழுதாக மறைத்துப் போலி தயாரிப்பது எளிதல்ல என்பதை மனத்தில் வைத்தே இம்முடிவை எடுக்க வேண்டும். இருந்தாலும் ஏற்றமற்ற இரு பொருள்கள் ஒரே தரத்தில் நிற்பது மேற்சொன்ன இரசாயனத்தோடு ஒத்துப்போகிறது.

இந்தச் சோதனையைச் சுட்டி, கராம்பு ஊசிக்குச் சமம் என்று பரப்புவது தவறு. அது ஊசியோடு ஒப்பிடவே இல்லை. மேலே தடவும் பொருளை மேலே தடவும் பொருளோடு ஒப்பிட்டது.

5. ஏன் யூஜினோலை ஊசியில் ஏற்ற முடியாது

யூஜினோலையும் உப்பாக்கலாம். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலோடு குலுக்கினால் அது சோடியம் யூஜினோலேற்றாகி நீருக்குள் இறங்கும். கரியோபிலீன் மேலே தனித்து நிற்கும். நீர்ப்படையைப் பிரித்து அமிலம் விட்டால் யூஜினோல் துளிகளாக மீளும். எண்ணெயிலிருந்து தூய யூஜினோலைப் பிரிக்கும் பழைய வழி இதுவே. ஆனால் அந்த உப்பு நீரில் நிலைக்கப் பி.எச். 10க்கு மேல் வேண்டும். அத்தகைய காரத்தைத் தசைக்குள் ஏற்றினால் திசு வெந்துபோகும். லிக்னோகெயினின் உப்போ மெல்லிய அமிலத்தில் நிற்கிறது. அதிரினலீன் சேர்த்த கரைசலின் பி.எச். 4 அளவிலும் உடல் அதைத் தாங்கி, சிறிது நேரத்தில் சமன்செய்துவிடுகிறது. ஒன்று அமிலப் பக்கத்து உப்பு, மற்றது காரப் பக்கத்து உப்பு. மனித உடல் முதலாவதற்கே இடம் கொடுக்கிறது.

எதிர்த்திசையிலிருந்தும் இதைப் பார்க்கலாம். லிக்னோகெயின் தோலின் மேற்பரப்பு வழியே உள்ளே போக வேண்டுமானால் அதுவும் எண்ணெயாக வேண்டியிருக்கிறது. எம்லா என்ற களிம்பில் லிக்னோகெயின் மூலமும் பிரிலோகெயின் மூலமும் சம அளவு சேர்க்கப்பட்டுள்ளன. தனித்தனியே திண்மங்களான இவை கலந்தால் 18 பாகையளவிலேயே உருகித் திரவமாகிவிடும். குழந்தையின் கையில் ஊசி குத்துமுன் தாதி தடவுவது இந்த எண்ணெய்த் துளிகளைத்தான். விலை கொடுத்து உண்டாக்கிய அந்த எண்ணெய் நிலையில் யூஜினோல் பிறப்பிலேயே இருக்கிறது.

ஊசியே தேவைப்படாத இடமொன்றும் இருக்கிறது. மீன் வளர்ப்போர் தொட்டி நீரில் கராம்பெண்ணெயை மிகச் சிறிதளவு கலக்கி மீனை மயங்கச் செய்து, எடை பார்த்து, நல்ல நீரில் விட்டு எழுப்புகிறார்கள். செவுள் வழியே யூஜினோல் நேரே இரத்தத்தை அடைகிறது. லீற்றருக்கு இரண்டரை கிராம் என்ற கரைதிறனே அங்கே தேவைக்கு மிகையானது.

6. சீழ்ப்பிடித்த பல்லும் நாக ஒட்சைட்டும்

அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடும். பி.எச். 6.4க்கு இறங்கியதாகக் கொண்டால் லிக்னோகெயினில் மென்சவ்வைக் கடக்கவல்ல மூலவடிவம் 24 வீதத்திலிருந்து 3 வீதத்துக்கு விழுகிறது. சீழ்ப்பிடித்த பல்லைப் பிடுங்குமுன் போடும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் இது. முழு விளக்கம் அல்ல: அழற்சியில் நரம்பே கூர்மையடைந்துவிடுகிறது, இரத்த ஓட்டம் மருந்தை அடித்துச் செல்கிறது. ஆயினும் கணக்கு உண்மையே. யூஜினோலுக்கோ 7.4உம் 6.4உம் ஒன்றுதான், இரண்டிலும் ஏற்றமற்றே இருக்கும். சொத்தைப் பல்லின் குழியில் வைத்த கராம்பு, ஊசி தடுமாறும் இடத்திலும் கொஞ்சம் வேலை செய்வதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம். நிரூபணமாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊகம் தேவைப்படாத பயன்பாடு பல் வைத்தியசாலையின் அந்தப் பழகிய வாசனையில் இருக்கிறது. நாக ஒட்சைட்டுத் தூளை யூஜினோலில் குழைத்தால் இரு யூஜினோல் மூலக்கூறுகள் ஒரு நாக அயனைக் கௌவிப் பசை இறுகுகிறது. இரும்புக் கலனில் எண்ணெயைக் கறுக்க வைத்த அதே பற்றுதல்தான் இங்கே சிமெந்தாகிறது. இறுகுவதற்கு ஈரம் வேண்டும், வாயில் அதற்குக் குறைவில்லை. இறுகியபின் உமிழ்நீர் படப்பட இணைப்பு மெல்ல அவிழ்ந்து யூஜினோல் சிறிது சிறிதாகக் கசிந்து, பல்லின் நுண்குழாய்கள் வழியே நரம்பை நோக்கிப் போகிறது. அதே சிமெந்தின்மேல் பிளாத்திக்குப் பிசின் நிரப்பினால் சரியாக இறுகாது, பீனோல் தனியுறுப்புகளை விழுங்கிவிடுவதால். வைத்தியர் தற்காலிக அடைப்பைச் சுரண்டி எடுத்த பிறகே நிரந்தர அடைப்புக்குப் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

7. மீளும் விறைப்பும் மீளாத விறைப்பும்

விறைப்பு மருந்துக்குரிய முதல் நிபந்தனை, விறைப்பு முழுதாக மீள வேண்டும் என்பது. லிக்னோகெயின் உரிய அளவில் இந்நிபந்தனையை நிறைவேற்றுகிறது. அதிரினலீன் இல்லாமல் உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு பாடநூல்களில் உண்டு. யூஜினோலின் நிலை அவ்வளவு தெளிவானதல்ல. நரம்பை வேண்டுமென்றே அழிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பீனோலின் உறவு அது. செறிவு கூடும்போது கால்வாயை அடைப்பதோடு நில்லாமல் மென்சவ்வையும் புரதத்தையும் சிதைக்கிறது. 1983இல் லான்செற் இதழில் வந்த குறிப்பொன்று இதற்குச் சான்று: பல்வலிக்காக எடுத்த கராம்பெண்ணெய் முகத்தில் சிந்தியதில் 24 வயதுப் பெண் ஒருவருக்குக் கன்னப் பகுதியில் உணர்ச்சியும் வியர்வையும் நிரந்தரமாக நின்றுபோயின. 1993இல் பிரித்தானியச் சிறுவர் மருத்துவ இதழொன்று, 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பெண்ணெய் குடித்த இரண்டு வயதுச் சிறுவன் வலிப்பும் ஈரல் சேதமும் கண்டு சாவின் விளிம்புவரை போனதைப் பதிவுசெய்தது.

கராம்புக்கும் எண்ணெய்க்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உலர்ந்த கராம்பொன்று ஏறக்குறைய 0.1 கிராம். அதிலுள்ள யூஜினோல் 12 மில்லிகிராம் அளவு; கடித்து வைத்திருக்கும் நேரம் முழுதும் கொஞ்சங் கொஞ்சமாக வெளியாவது, அதிலும் பாதி சக்கையோடு துப்பப்படுவது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எண்ணெயில் இருப்பது ஏறத்தாழ 4 கிராம்: முந்நூறுக்கு மேற்பட்ட கராம்புகளின் சாரம். உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு யூஜினோலுக்கு விதித்த நாளாந்த வரம்பு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 30 மில்லிகிராம். அந்தத் தேக்கரண்டியில் இருப்பது அதைப்போல் நூற்றுமுப்பது மடங்குக்கு மேல். ஆகவே உக்குவளைப் பாட்டி பேரனின் வாயில் ஒரு கராம்பை வைப்பதும், சுற்றுலாக் கடையில் வாங்கிய சீசாவைச் சரித்து ஈறில் ஊற்றுவதும் ஒரே வைத்தியமாகா. எண்ணெய்தான் வேண்டுமென்றால் பஞ்சுக்குச்சி நுனியில் ஒரு துளியை, நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ ஐதாக்கி, சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும்போது அதுவும் கூடாது.